பள்ளிவாசலும் வண்டி நிறுத்துமிடக் கணக்கும்: வாசகர் கேள்வி பதில்

அமெரிக்காவில் மேயர்கள், நகர்மன்ற உறுப்பினர்கள், பள்ளி வாரியத்தார், காவல்துறை அதிகாரிகள், தேவாலயப் போதகர்கள் ஆகியோருக்கு முஸ்லிம் வெறுப்பை எதிர்கொள்வதற்கான பயிற்சி அளிக்கப்பட்டு வருவதைப் பற்றிச் சென்ற இதழில் சில வரிகள் எழுதியிருந்தேன். அங்கே குடியேறிய தமிழர்களிடமிருந்தும், பிள்ளைகளைப் பார்க்கப் போய்வந்த பெற்றோரிடமிருந்தும் அதன்மீது கடிதங்கள் வந்திருக்கின்றன. எழுதியவர்களின் பெயரை விட்டுவிட்டு ஊரை மட்டும் தந்திருக்கிறேன்.

கேள்வி: எங்கள் டவுன்ஷிப்பின் (ஊர் நிர்வாகத்துக்கு இங்கே அப்படிப் பெயர்) திட்ட வாரியத்தில் என்னை அண்மையில் உறுப்பினராக நியமித்தார்கள். வீடு, கடை, வழிபாட்டுத்தலம் எது கட்டுவதென்றாலும் வரைபடம் எங்களிடம்தான் வரும். இப்போது முஸ்லிம் வெறுப்பை எதிர்கொள்வது பற்றிய அரைநாள் பயிற்சிக்கு வரச்சொல்கிறார்கள். நான் மென்பொருள் துறையில் வேலை செய்பவன். யார்மீதும் எனக்கு வெறுப்புக் கிடையாது. வெறுப்பே இல்லாதவனுக்கு இந்தப் பயிற்சி எதற்கு? (மிடில்செக்ஸ் கவுண்டி, நியூ ஜெர்சி)

பதில்: உங்களைப் போன்றவர்களை மனத்தில் வைத்துத்தான் அந்தப் பயிற்சியே நடக்கிறது. வெறுப்பை வாய்விட்டுப் பேசுகிறவரை ஊருக்கே தெரியும். அவரை எப்படிக் கையாள்வது என்பதும் ஓரளவு தெரியும். ஆனால் ஓர் உள்ளாட்சி மன்றத்தில் முஸ்லிம்களுக்கு நேரும் அநீதி பெரும்பாலும் வசைச்சொல்லாக வருவதில்லை. வண்டி நிறுத்துமிடமாக வரும், மழைநீர் வடிகாலாக வரும், போக்குவரத்து நெரிசலாக வரும். அந்த மேசையில் உட்கார்ந்திருப்பவர் நல்லவராகவே இருந்து, எல்லாக் கேள்விகளையும் மரியாதையாகவே கேட்டு, கடைசியில் சட்டத்தை மீறியிருப்பார்.

உங்கள் பக்கத்து சோமர்செட் கவுண்டியில் உள்ள பெர்னார்ட்ஸ் டவுன்ஷிப்பில் நடந்ததைச் சொல்கிறேன். அங்குள்ள பாஸ்கிங் ரிட்ஜ் இஸ்லாமியச் சங்கம் 2011-இல், சர்ச் ஸ்ட்ரீட் என்ற பெயருள்ள தெருவில், நான்கு ஏக்கருக்குச் சற்று அதிகமான நிலத்தை வாங்கியது. வழிபாட்டுத்தலம் கட்டுவதற்கு விதிப்படி அனுமதி உள்ள பகுதி அது. சங்கத்தின் தலைவர் முகமது அலி சௌத்ரி வெளியூர்க்காரர் அல்லர். அதே டவுன்ஷிப்புக்கு 2004-இல் மேயராக இருந்தவர். 2012-இல் விண்ணப்பம் போட்டார்கள். அதன்மீது மூன்றரை ஆண்டுக் காலத்தில் 39 விசாரணைக் கூட்டங்கள் நடந்தன. விண்ணப்பம் நிலுவையில் இருக்கும்போதே, வழிபாட்டுத்தலத்துக்குக் குறைந்தது ஆறு ஏக்கர் வேண்டும் என்று ஊர் விதி திருத்தப்பட்டது. சங்கத்தின் அஞ்சல் பெட்டியில் இருந்த பெயரின் எழுத்துகளை யாரோ ‘ஐசிஸ்’ என்ற பயங்கரவாத அமைப்பின் பெயராக மாற்றி ஒட்டிவிட்டுப் போனார்கள்.

ஆனால் இந்த வழக்கில் நீங்கள் ஊன்றிப் படிக்க வேண்டியது அஞ்சல் பெட்டியை அல்ல, வண்டிக் கணக்கை. ஊர் விதிப்படி தேவாலயம் போன்ற இடங்களுக்கு மூன்று பேருக்கு ஒரு வண்டி நிறுத்துமிடம் போதும். 150 பேர் தொழுவதற்கான கட்டடம் என்பதால் 50 இடங்கள் என்று சங்கம் கணக்குக் கொடுத்தது. வாரியமோ 107 இடங்கள் வேண்டும் என்றது. வெள்ளிக்கிழமை நண்பகல் ஜும்ஆ தொழுகைக்கு ஆட்கள் அலுவலகத்திலிருந்து நேராக வருவார்கள், ஒரு காருக்கு ஒருவராக வருவார்கள் என்பது காரணமாகச் சொல்லப்பட்டது. கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. நீங்களும் நானும் அங்கே இருந்திருந்தால் தலையாட்டியிருப்போம். ஆனால் ஞாயிற்றுக்கிழமை பூசைக்கோ சனிக்கிழமை யூதர்களின் வழிபாட்டுக்கோ வருகிறவர்கள் காருக்கு எத்தனை பேராக வருகிறார்கள் என்று அந்த ஊர் கணக்குக் கேட்டதில்லை. அவர்களுக்கு விதி; இவர்களுக்கு மட்டும் ஆய்வு. நிறுத்துமிடம் இரண்டு மடங்கானதும் தார்த்தளம் பெருகியது, வடிகால் திட்டம் மாறியது, எல்லையோரத்து மரவரிசை குறைந்தது, அவை ஒவ்வொன்றும் புதிய ஆட்சேபமாகத் திரும்பி வந்தன. 2015 டிசம்பரில் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது.

மறு ஆண்டு சங்கமும், அதன்பின் அமெரிக்க அரசின் நீதித்துறை அமைச்சகமும் வழக்குத் தொடுத்தன. 2016-ஆம் ஆண்டின் கடைசி நாளன்று கூட்டாட்சி நீதிபதி மைக்கேல் ஷிப், அந்த வண்டிக் கணக்கே பாரபட்சம் என்று தீர்ப்பளித்தார். வழிபாட்டுத்தலங்களுக்கான நில அனுமதியில் ஒரு மதத்தை மற்றொன்றுக்குக் கீழாக நடத்தக்கூடாது என்று 2000-ஆம் ஆண்டிலேயே நாடாளுமன்றம் ஒருமனதாக நிறைவேற்றிய சட்டத்தின்படி அமைந்த தீர்ப்பு அது. 2017 மே மாதம் டவுன்ஷிப் 32.5 லட்சம் டாலர் தருவதற்கு ஒப்புக்கொண்டு வழக்கை முடித்துக்கொண்டது. உடன்படிக்கையில் இன்னொரு நிபந்தனையும் இருந்தது: டவுன்ஷிப் அதிகாரிகளுக்கு அந்தச் சட்டத்தில் பயிற்சி அளிக்கப்பட வேண்டும். அதாவது, உங்களுக்கு இன்று இலவசமாகக் கிடைக்கிற அரைநாள் அவர்களுக்கு நீதிமன்ற வாசலில் கிடைத்தது.

ஆகவே போய்வாருங்கள். போன இடத்தில் இஸ்லாத்தின் ஐந்து கடமைகளைப் பட்டியலிட்டு அனுப்பிவிட்டால், அது நல்ல அறிமுகம், ஆனால் உங்கள் பதவிக்கான பயிற்சி அன்று என்று சொல்லிவிட்டு வாருங்கள். உங்களுக்குத் தேவையான கேள்வி ஒன்றுதான்: ‘இதை நாம் கடைசியாக வந்த தேவாலயத்திடம் கேட்டோமா?’ இந்தக் கேள்வியைக் கூட்டத்தில் உரக்கக் கேளுங்கள். பதிலோடு சேர்த்துக் கூட்டக் குறிப்பில் ஏற்றச் சொல்லுங்கள்.

கேள்வி: நாற்பது வயதில் வேரூன்றிய வெறுப்பு அரைநாள் வகுப்பில் போய்விடுமா? இவையெல்லாம் அரசும் தொண்டு நிறுவனங்களும் சேர்ந்து செய்யும் கண்துடைப்பு என்றே எனக்குத் தோன்றுகிறது. (ஓய்வுபெற்ற ஆசிரியர், மதுரை)

பதில்: போகாது. உங்கள் சந்தேகத்தை ஆராய்ச்சியாளர்களும் பங்கிட்டுக்கொள்கிறார்கள். பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் எலிசபெத் லெவி பலக்கும் அவருடைய குழுவினரும் தப்பெண்ணத்தைக் குறைக்கும் முயற்சிகள் பற்றிய சோதனைகளைத் தொகுத்து 2021-இல் ஒரு மதிப்பாய்வு வெளியிட்டார்கள். பெரும்பாலானவை குறுகிய நேர முயற்சிகள், அவற்றின் பலன் எவ்வளவு காலம் நிற்கிறது என்று சோதித்துப் பார்த்தவை மிகச் சில என்பதே அதன் சாரம். ஆகவே ‘மனமாற்றப் பயிற்சி’ என்று எவரேனும் விளம்பரம் செய்தால் நானும் உங்கள் பக்கம்தான்.

ஆனால் எதுவுமே வேலை செய்யாது என்ற முடிவுக்கும் தாவிவிட முடியாது. எமில் புரூனோ என்ற அமெரிக்க உளவியலாளர், தம் நண்பர்களுடன் சேர்ந்து ஓர் எளிய உத்தியைச் சோதித்தார். ஒரு முஸ்லிம் செய்த வன்முறைக்கு முஸ்லிம்கள் எல்லோரும் பொறுப்பா என்று நேரடியாகக் கேட்டால், ஆம் என்று சொல்பவர்கள் கணிசமாக இருப்பார்கள். அதற்குப் பதிலாக, வெள்ளையர் ஒருவரோ கிறித்தவர் ஒருவரோ செய்த படுகொலையைப் படிக்கக் கொடுத்து, ‘இதற்கு நீங்கள் எவ்வளவு பொறுப்பு?’ என்று முதலில் கேட்டார்கள். ‘எனக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?’ என்று அவர்களே எழுதினார்கள். பிறகு முஸ்லிம்களைப் பற்றிய கேள்வி வந்தபோது கூட்டுப்பழி சுமத்துவது குறைந்தது. ஸ்பெயினில் நடத்திய சோதனையில் ஓராண்டு கழித்தும் அந்த மாற்றம் நீடித்ததாக 2020-இல் வெளியிட்டார்கள். அதே ஆண்டு புரூனோ மூளைப் புற்றுநோயால் இறந்துபோனார். யாரையும் திட்டாமல், யாருக்கும் உபதேசம் செய்யாமல், அவரவர் அளவுகோலை அவரவர் கையிலேயே கொடுக்கும் முறை இது. நான் கேள்விப்பட்ட உத்திகளில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

பழகினால் வெறுப்புக் குறையும் என்பதும் ஓரளவு உண்மை. எவ்வளவு என்பதில்தான் சிக்கல். ஈராக்கில் ஐசிஸ் அமைப்பால் ஊரைவிட்டு விரட்டப்பட்ட கிறித்தவ இளைஞர்களின் கால்பந்து அணிகளில் சிலவற்றில் மட்டும் முஸ்லிம் ஆட்டக்காரர்களைச் சேர்த்து சல்மா மூசா என்ற ஆய்வாளர் பார்த்தார். ஒரே அணியில் ஆடியவர்கள் அடுத்த பருவத்திலும் கலப்பு அணியில் சேர முன்வந்தார்கள்; ஆறு மாதம் கழித்தும் முஸ்லிம்களோடு சேர்ந்து பயிற்சி செய்தார்கள். ஆனால் மைதானத்துக்கு வெளியே, முஸ்லிம்கள் பெரும்பான்மையாக உள்ள மோசுல் நகரத்து உணவகத்துக்குப் போவார்களா என்று பார்த்தபோது பெரிய வேறுபாடு தெரியவில்லை. தெரிந்த நண்பன்மேல் வந்த நம்பிக்கை தெரியாத கூட்டத்தின்மேல் தானாகப் பரவிவிடவில்லை.

தலைவர்களுக்குப் பயிற்சி என்பது இந்த இடத்தில்தான் பொருள் பெறுகிறது. ஹார்வர்டின் கோர்டன் ஆல்போர்ட் 1954-இலேயே, பழக்கம் பலன் தர வேண்டுமானால் நான்கு சூழ்நிலைகள் வேண்டும் என்றார். சமமான நிலை, பொதுவான இலக்கு, சேர்ந்து உழைக்கும் வாய்ப்பு ஆகிய மூன்றும் மக்களுக்குள்ளேயே உருவாகக் கூடியவை. அதிகாரத்தில் இருப்பவர்களின் வெளிப்படையான ஆதரவு என்ற நான்காவதை மேயரும் காவல்துறைத் தலைவரும் தலைமையாசிரியரும் தவிர வேறு யாரும் தர முடியாது. 2001 செப்டம்பர் 17 அன்று, இரட்டைக் கோபுரங்கள் விழுந்து ஒரு வாரம்கூட ஆகாத நிலையில், அதிபர் ஜார்ஜ் புஷ் வாஷிங்டன் இஸ்லாமிய மையத்துக்குப் போய் நின்றார். அவருடைய பிற்காலப் போர்களைப் பற்றி எனக்குக் கடுமையான கருத்து உண்டு. ஆனால் அன்று அவர் செய்தது அந்த நான்காவது வேலை. அப்படியிருந்தும், எஃப்.பி.ஐ. கணக்கில் 2000-இல் 28 ஆக இருந்த முஸ்லிம் எதிர்ப்புக் குற்றச் சம்பவங்கள் 2001-இல் 481 ஆயின.

2010-இல் நியூயார்க்கில் இரட்டைக் கோபுர இடத்தருகே இஸ்லாமிய மையம் கட்டும் திட்டத்துக்கு எதிராக நாடு முழுவதும் கிளர்ச்சி எழுந்தபோது, கிறித்தவ, யூத, முஸ்லிம் அமைப்புகள் வாஷிங்டனில் கூடி ‘ஷோல்டர் டு ஷோல்டர்’ என்ற கூட்டியக்கத்தைத் தொடங்கின. இன்று சமயத் தலைவர்களுக்கும் ஊர்த் தலைவர்களுக்கும் பயிற்சி நடத்துகிறவர்களில் அவர்கள் முக்கியமானவர்கள்.

கேள்வி: எங்கள் ஊர்க் கூட்டத்தில் நான் தலைமை வகிக்கிறேன். பள்ளிவாசல் விரிவாக்கம் விவாதத்துக்கு வந்தபோது ஒருவர் எழுந்து, ‘இன்று கட்டடம், நாளை ஷரியத் சட்டம்’ என்று ஒதுக்கிய நேரம் முழுவதும் பேசினார். அவரை நிறுத்தியிருக்க வேண்டுமா? நிறுத்தினால் பேச்சுரிமையைப் பறித்தேன் என்பார்கள். (ஹூஸ்டன் அருகே, டெக்சஸ்)

பதில்: அமெரிக்க அரசியல் சட்டத்தின் முதல் திருத்தம் அருவருப்பான கருத்தையும் பாதுகாக்கிறது, கருத்துப் பிடிக்கவில்லை என்பதற்காக ஒரு அரசு மன்றம் பேச்சாளரை நிறுத்த முடியாது. ஆனால் எடுத்துக்கொண்ட பொருளைவிட்டு விலகக்கூடாது, இவ்வளவு நேரம்தான் பேசலாம் என்று எல்லோருக்கும் பொதுவாக விதி வைக்க முடியும். விதியை அந்த மனிதர் எழுந்த பிறகு நினைவுபடுத்தினால் அது அவருக்கு எதிரானதாகத் தெரியும். கூட்டம் தொடங்கும்போதே, ‘இன்று நம்முன் இருப்பது கட்டட உயரம், சாலை, வடிகால், விண்ணப்பதாரரின் சமயம் நம்முன் இல்லை, அது நம் முடிவில் இடம்பெறவும் முடியாது’ என்று நிதானமாகப் படித்துவிடுங்கள். ஆதரவாகப் பேச வந்து, இஸ்லாம் அமைதி மார்க்கம் என்று விளக்கத் தொடங்குகிறவரையும் அதே விதியால் நிறுத்துங்கள். விதி பொதுவானது என்பது அப்போதுதான் மற்றவர்களுக்கு நம்பிக்கைப்படும்.

மேலே சொன்ன பெர்னார்ட்ஸ் உடன்படிக்கையில், அதற்கு ஒப்புதல் தரும் கூட்டத்தில் இஸ்லாம் பற்றியோ முஸ்லிம்கள் பற்றியோ எவரும் கருத்துச் சொல்லக்கூடாது என்று ஒரு வாசகத்தைச் சேர்த்திருந்தார்கள். அதை எதிர்த்தே ஊர்வாசிகள் சிலர் வேறொரு வழக்குப் போட்டார்கள். ஒரு மதத்தின் பெயரைக் குறிப்பிட்டுத் தடைபோட்டது, என் பார்வையில், நல்ல நோக்கத்தோடு செய்த கெட்டிக்காரத்தனமற்ற வேலை. பொருளைவிட்டு விலகாதே என்ற பொது விதியே போதுமானதாக இருந்திருக்கும்.

அவர் பேசி முடித்தபின் என்ன செய்வது என்பது பயிற்சிகளில் நெடுநேரம் ஒத்திகை பார்க்கப்படும் பகுதி. ‘ஷரியத் வராது’ என்று நீங்கள் பதில் சொன்னால், மறுநாள் உள்ளூர்ச் செய்தியின் தலைப்பில் உங்கள் பெயரும் ஷரியத்தும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். வதந்தியை மறுப்பதற்காக அதைத் திரும்பச் சொல்வதைவிட, உண்மையை முதலில் சொல்வது மேல்: ‘இந்த ஊரில் எல்லோரையும் கட்டுப்படுத்துவது அமெரிக்க அரசியல் சட்டமும் மாநிலச் சட்டமும்தான், எந்த வழிபாட்டுத்தலமும் அதற்கு விலக்கல்ல.’ இவ்வளவு போதும்.

உங்கள் சொந்தத் தெளிவுக்கு இரண்டு செய்திகளை வைத்துக்கொள்ளுங்கள். ஓக்லஹோமா மாநிலத்தில் 2010-இல், நீதிமன்றங்கள் ஷரியத்தைக் கருத்தில் கொள்ளக்கூடாது என்ற அரசியல் சட்டத் திருத்தத்துக்கு 70 சதவீத வாக்காளர்கள் ஆதரவளித்தார்கள். அந்த மாநிலத்தில் ஷரியத்தைப் பயன்படுத்தித் தீர்ப்பளித்த ஒரு வழக்கையாவது காட்டுங்கள் என்றபோது, திருத்தத்தை ஆதரித்து வாதாடியவர்களால் ஒன்றைக்கூடக் காட்ட முடியவில்லை. கூட்டாட்சி நீதிமன்றம் திருத்தத்தைச் செல்லாது என்று அறிவித்தது. டென்னசி மாநிலத்தின் மர்ஃப்ரீஸ்பரோவில் அதே 2010-இல் பள்ளிவாசலுக்குத் தந்த அனுமதியை எதிர்த்தவர்கள், இஸ்லாம் ஒரு மதமே அல்ல என்று நீதிமன்றத்தில் வாதிட்டார்கள். அது மதம்தான் என்று விளக்கி அமெரிக்க நீதித்துறை அமைச்சகம் மனுத் தாக்கல் செய்ய வேண்டியிருந்தது. கட்டுமான இயந்திரத்துக்குத் தீ வைக்கப்பட்டது. ஆயினும் 2012 ஆகஸ்டில் அங்கே தொழுகை தொடங்கியது. வழக்கை எடுத்துக்கொள்ள 2014-இல் உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது.

கேள்வி: அமெரிக்கர்களுக்குப் பயிற்சி தருவது இருக்கட்டும். எங்கள் எடிசன் நகரத்துச் சுதந்திர தின ஊர்வலத்தில் புல்டோசரை ஓட்டி வந்தார்களே, நம்மவர்களுக்கு யார் பயிற்சி தருவது? (எடிசன், நியூ ஜெர்சி)

பதில்: விவரம் தெரியாத வாசகர்களுக்காக முதலில் சொல்லிவிடுகிறேன். 2022 ஆகஸ்ட் 14 அன்று, இந்திய சுதந்திரத்தின் 75 ஆண்டு நிறைவைக் கொண்டாட எடிசனில் நடந்த ஊர்வலத்தில், பிரதமர் மோடி, உத்தரப் பிரதேச முதல்வர் யோகி ஆதித்யநாத் ஆகியோரின் படங்கள் தாங்கிய ஒரு புல்டோசர் வந்தது. அதற்குச் சில மாதங்களுக்கு முன்பிருந்தே மத்தியப் பிரதேசத்தின் கர்கோன், தில்லி ஜஹாங்கீர்புரி, பிரயாக்ராஜ் ஆகிய இடங்களில் முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் இடிக்கப்பட்டுவந்தன. தெருவோரத்தில் நின்ற இந்தியர்களுக்கு அதன் பொருள் சொல்லாமலே விளங்கியது. ஊர்வலத்தைப் பார்த்த அமெரிக்கர்களுக்கோ அது வெறும் மண்வாரி இயந்திரம்.

உங்கள் கேள்வியில் உள்ள கோபம் நியாயமானது. அதோடு பயிற்சி நடத்துகிறவர்கள் பலர் தவறவிடும் ஒன்றையும் அது தொடுகிறது. முஸ்லிம் வெறுப்பு என்றால் வெள்ளையர் ஒருவர் தலைத்துணியைப் பிடித்து இழுப்பது என்ற ஒரே படத்தைத்தான் பெரும்பாலான பயிற்சிகள் காட்டுகின்றன. குடியேறியவர்கள் தங்கள் ஊரிலிருந்து எடுத்துவந்த பகை அந்தப் படத்தில் இல்லை. அதனால் நகரத் தலைவர்கள் வாக்குக்காகவும் மரியாதைக்காகவும் மேடையேறும் இடங்களில் என்ன கொடி பறக்கிறது, என்ன முழக்கம் எழுகிறது என்பதை அறியாமலே மாலை வாங்கிக்கொண்டு இறங்குகிறார்கள். எடிசன் விஷயத்தில் முஸ்லிம் அமைப்புகள் எடுத்துச் சொன்னபின் மேயர் சாம் ஜோஷியும், ஊர்வலத்தில் பங்குபெற்ற வுட்பிரிட்ஜ் நகரத்து மேயரும் அதைக் கண்டித்தார்கள். ஊர்வலத்தை நடத்திய இந்திய வணிகர் சங்கம் இரு மேயர்களுக்கும் கடிதம் எழுதி மன்னிப்புக் கேட்டது. இந்தியாவிலேயே, உரிய நடைமுறையின்றி வீட்டை இடிப்பது சட்டவிரோதம் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

நம்மவர்களுக்கு யார் பயிற்சி தருவது என்றால், நம்மவர்கள்தான். தமிழ்ச் சங்கங்களின் நிர்வாகக் குழுவில் தமிழ் முஸ்லிம்கள் எத்தனை பேர், பொங்கல் விழா உணவில் ஹலால் கேட்டால் முகம் சுளிக்கிறோமா, சங்கத்தின் வாட்ஸ்ஆப் குழுவில் அவதூறு ஒன்று பகிரப்பட்டால் நிர்வாகி என்ன செய்கிறார் ஆகியவை உங்கள் கையெட்டும் தூரத்தில் உள்ளவை. அந்த நிர்வாகியும் ஓர் ஊர்த் தலைவர்தான். அவருக்கும் அதிகாரம் இருக்கிறது. பதிவை நீக்குவதும், தனியே அழைத்துப் பேசுவதும், விதியைக் குழுவின் முகப்பில் எழுதி வைப்பதும் அவருடைய வேலை.

கேள்வி: 2001-க்குப் பிறகு எங்களையும் முஸ்லிம் என்று நினைத்துத் திட்டியவர்கள் உண்டு. நாங்கள் இந்துக்கள் என்று விளக்கினால் போதாதா? (சான் ஹோசே, கலிஃபோர்னியா)

பதில்: போதாது. 2001 செப்டம்பர் 15 அன்று அரிசோனாவின் மேசா நகரில் பெட்ரோல் நிலையத்து வாசலில் பூச்செடி நட்டுக்கொண்டிருந்த சீக்கியரான பல்பீர் சிங் சோதியைச் சுட்டுக் கொன்றவன் விளக்கம் கேட்கவில்லை. தவிரவும், ‘நான் அவன் இல்லை’ என்று சொல்வதில், அவனாக இருந்தால் அடித்திருக்கலாம் என்ற ஒப்புதல் ஒளிந்திருக்கிறது. சீக்கியர்களில் பலர் அந்தப் பதிலைச் சொல்ல மறுத்தார்கள் என்பதை நான் மிகவும் மதிக்கிறேன்.

கேள்வி: டெட்ராய்ட் அருகே ஹாம்ட்ராம்க் நகரில் முஸ்லிம்கள் பெரும்பான்மை பெற்றதும் பாலினச் சிறுபான்மையினரின் வானவில் கொடியைத் தடை செய்தார்கள். அவர்களுக்காகப் பரிந்து பேசியவர்களே ஏமாந்துபோனார்கள். அரவணைப்பு என்பது ஒருவழிப் பாதையா? (டிராய், மிச்சிகன்)

பதில்: நீங்கள் சொல்லும் நிகழ்ச்சி உண்மை. போலந்திலிருந்து வந்தவர்களின் ஊராக இருந்த ஹாம்ட்ராம்க், 2004-இல் ஒலிபெருக்கியில் பாங்கு சொல்ல அனுமதித்தது. அதை எதிர்த்து வாக்கெடுப்பு நடந்தும் அனுமதி நிலைத்தது. 2015-இல் நகர்மன்றத்தில் முஸ்லிம்கள் பெரும்பான்மை ஆனார்கள். 2021 தேர்தலுக்குப்பின் மேயரும் மன்ற உறுப்பினர்கள் எல்லோருமே முஸ்லிம்கள். 2023 ஜூனில் அந்த மன்றம், நகரச் சொத்துகளில் நாட்டுக்கொடி, மாநிலக்கொடி போன்ற சிலவற்றைத் தவிர வேறு கொடி ஏற்றக்கூடாது என்று தீர்மானித்தது. வானவில் கொடியை நோக்கித்தான் அந்தத் தீர்மானம் என்பதில் யாருக்கும் ஐயமில்லை.

எனக்கும் அந்தத் தீர்மானத்தில் உடன்பாடு இல்லை. ஆனால் அதிலிருந்து பள்ளிவாசலுக்கு வாதாடியது தவறு என்ற முடிவுக்கு வருவது, உரிமையைச் சலுகையாக எண்ணுவதாகும். ஒருவர் நமக்குப் பிடித்தமாதிரி வாக்களிப்பார் என்பதற்காக அவருக்கு வண்டி நிறுத்துமிடத்தில் நீதி வழங்குவதில்லை. ஹாம்ட்ராம்க் நிகழ்ச்சி எனக்குக் காட்டுவது வேறு. இந்தப் பயிற்சிகளை முஸ்லிமல்லாத தலைவர்களுக்கு மட்டும் உரியவை என்று வைத்துக்கொண்டோம். பதவிக்கு வந்த முஸ்லிம் உறுப்பினரும், ஊரில் தனக்கு உவப்பில்லாத சிறுபான்மையோடு எப்படி ஆட்சி நடத்துவது என்ற வகுப்பில் அதே நாற்காலியில் உட்கார வேண்டும். அவரைப் பாதிக்கப்பட்டவராக மட்டுமே பார்த்துப் பழகிவிட்டதால் அந்த நாற்காலியை யாரும் போடவில்லை.

கேள்வி: நான் கீழக்கரையைச் சேர்ந்தவள், இங்கே பல ஆண்டுகளாக வசிக்கிறேன். நகராட்சி, காவல்துறை, தேவாலயம் என்று எங்கே இப்படிப் பயிற்சி நடந்தாலும் என்னை மேடையேற்றி, தலைத்துணி ஏன், நான்கு திருமணம் ஏன் என்று கேட்கிறார்கள். மறுத்தால், வாய்ப்புத் தந்தும் பேசவில்லை என்பார்கள். அலுத்துப்போகிறது, ஐயா. (பிளானோ, டெக்சஸ்)

பதில்: அம்மா, நீங்கள் தாராளமாக மறுக்கலாம். 2017-இல் பியூ ஆய்வு மையம் மதிப்பிட்டபடி அமெரிக்காவில் முஸ்லிம்கள் சுமார் 34.5 லட்சம் பேர். மொத்த மக்கள்தொகையில் ஏறக்குறைய ஒரு சதவீதம். நூற்றில் ஒருவர் மற்ற தொண்ணூற்றொன்பது பேருக்கும் தனித்தனியே விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க முடியாது. அவர்களிலும் ஆப்பிரிக்க அமெரிக்கர், அரபியர், தெற்காசியர் என்று பல பிரிவினர் இருக்க, கீழக்கரைப் பெண் ஒருவரை ஏற்றிவைத்து இஸ்லாம் முழுவதற்கும் பதில் கேட்பதே பயிற்சி எதை நீக்க வந்ததோ அந்தப் பிழைதான்.

போக விருப்பமிருந்தால் நிபந்தனையோடு போங்கள். கேள்விகளை முன்கூட்டியே எழுதித் தரச் சொல்லுங்கள். உங்கள் நேரத்துக்கு ஊதியம் கேளுங்கள். மற்றப் பயிற்சியாளர்களுக்குக் கொடுக்கிறார்கள். உங்களுக்கு மட்டும் நன்றியட்டை என்றால் அது மரியாதையாகாது. மார்க்க விளக்கத்துக்கு, 1993-இலிருந்து கலிஃபோர்னியாவில் இதற்கென்றே பேச்சாளர்களைப் பயிற்றுவிக்கும் இஸ்லாமிக் நெட்வொர்க்ஸ் குரூப் போன்ற அமைப்புகளைக் கைகாட்டிவிடுங்கள். தலைத்துணியைப் பற்றிய கேள்வி வந்தால், ‘அதைவிட, என் மகளின் பேருந்தில் நடந்ததற்குப் பள்ளி நிர்வாகம் என்ன செய்தது என்று கேளுங்கள்’ என்று திருப்பிவிடலாம். அப்படி ஏதேனும் நடந்திருந்தால்தான். அலங்காரத்துக்காகச் சொல்ல வேண்டியதில்லை.

கேள்வி: பள்ளிவாசல் தாக்கப்பட்டதாகச் செய்தி வந்தால் ஊர்த் தலைவர்கள் முதலில் செய்ய வேண்டியது என்ன? (டல்லாஸ், டெக்சஸ்)

பதில்: தொழ இடம் ஏற்பாடு செய்வது. உங்கள் மாநிலத்து விக்டோரியா நகரில் 2017 ஜனவரி 28 அன்று பள்ளிவாசல் எரிக்கப்பட்டபோது, அங்கிருந்த சிறிய யூத சமூகத்தார் தங்கள் ஆலயத்தின் சாவியைக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். கண்டன அறிக்கையை மறுநாளும் வெளியிடலாம். அடுத்த தொழுகைக்குச் சில மணி நேரமே இருக்கும். தீ வைத்தவனுக்குப் பின்னர் 24 ஆண்டுகளுக்கு மேற்பட்ட சிறைத் தண்டனை கிடைத்தது. நன்கொடை பத்து லட்சம் டாலரைத் தாண்டியது.

கேள்வி: எங்கள் பள்ளி வாரியத்தின் முக்கியத் தேர்வு ஒன்று நோன்புப் பெருநாள் அன்று வந்துவிட்டது. நாளை மாற்றலாம் என்றால், பிறை பார்த்துத்தானே நாள் முடிவாகும், எந்த நாளை விடுவது என்று கேட்கிறார்கள். (ஷார்லட், வட கரோலினா)

பதில்: வட அமெரிக்காவில் கணிசமான பள்ளிவாசல்கள் வானியல் கணக்கைப் பின்பற்றுவதால், அவற்றின் பெருநாள் பல ஆண்டுகளுக்கு முன்பே தெரியும். கண்ணால் பிறை பார்ப்பவர்களுக்கு அது ஒரு நாள் முன்பின் ஆகலாம். எனவே தேர்வு, பட்டமளிப்பு, பெற்றோர் கூட்டம் போன்றவற்றை அந்த நாளிலும் அதற்கு முந்தைய, பிந்தைய நாள்களிலும் வைக்காமல் விட்டால் சிக்கல் தீரும்; முழு விடுமுறை கட்டாயமில்லை. விடுமுறையே விடுவதானாலும் முன்மாதிரி உண்டு: நியூயார்க் நகரப் பள்ளிகள் 2015-இலிருந்து இரு பெருநாள்களுக்கும் விடுமுறை விடுகின்றன. ஆண்டு நாட்காட்டியை அச்சுக்கு அனுப்புவதற்கு முன் ஊரில் உள்ள எல்லாப் பள்ளிவாசல்களுக்கும் மின்னஞ்சல் அனுப்பிக் கேளுங்கள். ஒன்றை மட்டும் கேட்டால் மற்றொன்றில் வேறு நாள் சொல்வார்கள்; பிறகு அந்தச் சண்டைக்கும் நீங்கள்தான் நடுவர்.